லத்தீனில் ஒரு சபை வரலாறு

போன வாரம் ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. தெரியாத எண். எடுத்திருக்கக் கூடாது, எடுத்துவிட்டேன். இளவயசுக் குரல், நல்ல பணிவு, சென்னைப் பேச்சு.

"மேடம், ஜெனிஃபரோட அம்மாவா? வாழ்த்துகள் மேடம். அவங்க நேத்து ரிஜிஸ்டர் பண்ணியிருக்காங்க."

உங்களுக்குக் கல்லூரிக்குப் போகிற வயசில் பெண் இருந்தால் மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை. இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். 'ரிஜிஸ்டர் பண்ணிட்டாங்க' என்று பெற்றவர்கள் காதில் விழுந்தால் அதற்கு ஒரே பொருள்தான். வீட்டுப் பத்திரமோ புது வண்டியோ நினைவுக்கு வராது. சார்பதிவாளர் அலுவலகம், கசங்கின மாலை, சாட்சிக் கையெழுத்துப் போட வந்து நிற்கிற கூட்டாளிகள். இவ்வளவும் ஒரே மூச்சில் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். எனக்கும் வந்தது. பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"யாரோட?" என்று கேட்டேன்.

"எங்களோட இல்ல மேடம், வேற கம்பெனியோட. அதுக்குத்தான் கூப்பிட்டேன். ஒரு வருஷத்துக்குத்தான் எடுத்திருக்காங்க. மூணு வருஷமா எடுத்தா நல்ல சலுகை உண்டு. பேரு பிரமாதமா அமைஞ்சிருக்கு மேடம். ஹோஸ்டிங் எங்க வைக்கப் போறாங்கன்னு தெரிஞ்சா..."

ஒரு வருஷத்துக்கு மட்டும் கல்யாணம் என்று ஒரு முறை புதிதாக வந்திருக்கிறது போல என்று நான் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். ஹோஸ்டிங் என்பது என் காதில் ஹோட்டல் என்று விழுந்தது. "எந்த ஹோட்டல்னு எங்ககிட்ட யாரும் சொல்லலியே தம்பி" என்றேன். அழுகையில் குரல் உடைந்திருக்க வேண்டும். அந்தப் பையன் பயந்து, பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

மகள் உள்ளே கட்டிலில் படுத்தபடி முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

"யாருட்டி அவன்?"

"எவன்?"

"நேத்து ரிஜிஸ்டர் பண்ணியாச்சாமே. ஊரான் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். முறுக்கு புரையேறும்வரை சிரித்துவிட்டு, "எம்மா, அது வெப்சைட் பேரும்மா. எனக்குன்னு ஒரு பேரு வாங்கியிருக்கேன். ஒன் போன்லேருந்துதான பணம் கட்டினேன், அதான் ஒனக்குக் கூப்பிடுதான்" என்றாள்.

இதில் வேடிக்கை, நானும் கம்ப்யூட்டர் படித்தவள். பள்ளிக்கூடத்தில் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். வலைத்தளப் பெயரைப் பதிவு செய்வது பற்றிப் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாளில் கேள்வியும் வைத்திருக்கிறேன். பெற்ற வயிறு கேள்வித்தாள் எல்லாம் பார்க்காது போல. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நாலு பேராவது கூப்பிட்டு வாழ்த்துகிறார்கள்.

என்னைச் சமாதானப்படுத்த அவள் தன் பக்கத்தைப் போனில் காட்டினாள். அவள் படம், அவள் வரைந்த ஓவியங்கள், மேலே பெரிதாகப் பெயர். சோறு கொதிக்கிற நேரத்துக்குள் செய்துவிட்டாளாம். 'என்னைப் பற்றி' என்ற தலைப்பின் கீழே மட்டும் அவள் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. அங்கே வேறு ஏதோ எழுத்து இருந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டு வாசித்தேன். லோரெம் இப்சும் தோலோர் சித் அமெத்.

"பரவால்லையே, வேதம் மாதிரி சொல்லுத" என்றாள் மகள்.

எனக்கு அந்த வரிகளோடு ஒரு வாசனையும் சேர்ந்து வந்தது. மல்லிகை மணம் என்று டப்பாவில் எழுதியிருக்கும் ரூம் ஸ்பிரே, அதற்கு அடியில் கழற்றாத சாக்ஸ், அதற்கும் அடியில் புது பிளைவுட். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரின் வாசனை. நெல்லை வெயிலில் ஏ.சி. போட்ட இடங்கள் அப்போது பேங்கும் நகைக்கடையும்தான். அதனால் பாதிப் பேர் இன்டர்நெட் பார்க்க வரவில்லை, வியர்வை ஆற வந்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அதை நடத்தினவர் சங்கரன் அண்ணாச்சி. கல்லிடைக்குறிச்சிக்காரர். நெற்றி நிறையத் திருநீறு. அதற்கு முன்னால் அப்பளம் மொத்த வியாபாரம். உளுந்து விலை ஏறினபோது வெறுத்துப்போய்க் கம்ப்யூட்டருக்கு மாறினார். பழக்கம் விடாமல், கம்ப்யூட்டர்களையும் ஈரம் பட்டால் நமுத்துப் போகும் என்கிற பயத்தோடுதான் வைத்திருந்தார். மழை பெய்தால் முதலில் கீபோர்டுகளைத் துணி போட்டு மூடுவார். வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தாலும் மூடுவார். தடுப்புகளுக்கு மேலே எட்டிப் பார்க்க ஒரு முக்காலி வைத்திருந்தார். அவ்வப்போது அதன்மேல் ஏறி நின்று, "அந்த மூலைல யாரு, நல்ல வீட்ல பிறந்த பிள்ளைதான நீ" என்று பொதுவாகக் கேட்பார். எந்த மூலை என்று சொல்ல மாட்டார். எல்லா மூலையிலும் மவுஸ் சத்தம் நின்றுவிடும்.

நான் போகிற நாட்களில் அவர் மேசைக்குப் பக்கத்து இருக்கை எனக்கு. டிகிரி முடித்து வீட்டில் இருந்த காலம். சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குக் கேட்டிருந்தேன். எடுத்துக்கொள்கிறோம், ஆனால் நீங்களே செய்த ஒரு வெப்சைட்டின் முகவரியை இந்த மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் செய்தது என்று அப்போது உலகத்தில் இருந்தவை ஒரு ரவிக்கையும், பாதி ஸ்வெட்டரும்தான்.

இன்னொரு தடையும் இருந்தது. அப்பா. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். எங்கள் கிறிஸ்தவ சபைக் கமிட்டியில் உறுப்பினர். மகளைச் சென்னைக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருந்தார். ஆனால் அனுப்ப மாட்டேன் என்று வாயால் சொல்வது அவர் வழக்கமில்லை. அலுவலகத்தில் கோப்பை மறுக்காமல் சுற்ற விடுகிற மாதிரி என்னையும் சுற்ற விட்டார்.

"சென்னைக்குப் போறது பெரிசில்லட்டி. போயி ஒண்ணுந் தெரியாம முழிச்சேன்னா ஊரு சிரிக்கும்லா. நம்ம சபைக்கு ஒண்ணு செய்யி. அசனத்துக்குள்ள செஞ்சிரு. கமிட்டி ஏத்துக்கிட்டாவன்னா நானே ஒன்ன ரயிலேத்தி விடுதேன்."

அசனம் என்பது எங்கள் பக்கத்துச் சபைகளில் வருஷத்துக்கு ஒருமுறை ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அண்டா அண்டாவாகச் சோறு, கறிக்குழம்பு, கத்தரிக்காய்க் கூட்டு. மும்பையிலும் மஸ்கட்டிலும் இருப்பவர்கள்கூட அன்றைக்கு ஊர் வந்து சேரப் பார்ப்பார்கள். அந்தக் கத்தரிக்காயில் முருங்கைக்காய் சேர்ப்பதா வேண்டாமா என்பதையே எங்கள் கமிட்டி பல வருஷமாகத் தீர்மானிக்காமல் வைத்திருந்தது. அப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும். கமிட்டி எதையும் ஏற்றுக்கொள்ளாது என்ற நம்பிக்கையில்தான் வாக்குக் கொடுத்தார். நாசரேத்துப் பக்கம் ஒரு வாத்தியார் மாப்பிள்ளையை வேறு பார்த்து வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வேலையைத் தொடங்கினேன். கல்லூரியில் சீனியர் ஒருத்தி கொடுத்த தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. அதைவிட உதவியாக இருந்தது, அடுத்தவர்களுடைய பக்கங்களைத் திறந்து, உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து எடுத்துக்கொண்டதுதான். அந்தக் காலத்தில் இதைத் திருட்டு என்று யாரும் சொல்லவில்லை, கற்றுக்கொள்வது என்றார்கள். எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்கிற குறிகளைத் திறந்தால் மறக்காமல் மூட வேண்டும் என்பதுதான் முதல் பாடம். தடித்த எழுத்துக்கு ஒரு குறி போட்டுவிட்டு மூட மறந்தேன். சபைப் பக்கம் முழுவதும், கடைசி வரி வரைக்கும், சண்டைக்கு நிற்கிற மாதிரி தடித்து நின்றது. அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "என்ன பிள்ள, எல்லாரையும் அதட்டுத" என்றார்.

செய்ததையெல்லாம் பிளாப்பியில் பதிந்து வீட்டுக்கு எடுத்து வருவேன். சதுரமாக, பிஸ்கட் கனத்தில் இருக்கும். குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும் என்று அதன் உறையில் போட்டிருந்ததை அம்மா வாசித்துவிட்டாள். எங்கள் வீட்டில் குளிர்ச்சியான இடம் ஒன்றே ஒன்று. மறுநாள் சபையின் முகப்புப் பக்கத்தைத் தோசை மாவுக்கும் வெண்டைக்காய்க்கும் நடுவிலிருந்து எடுத்தேன். ஓரத்தில் மாவு காய்ந்திருந்தது. அண்ணாச்சி அதை வாங்கி முகர்ந்து பார்த்து, "உளுந்து கொஞ்சம் கூடிட்டு" என்றார். தொழில் மாறினாலும் மூக்கு மாறவில்லை.

இணையத்தில் இடம் இலவசம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, யார் கேட்டாலும் கொடுத்துக்கொண்டிருந்தது. கூடவே ஆயத்தமாகச் சில மாதிரிப் பக்கங்களும் கொடுத்தார்கள். தலைப்பு, படம், விவரம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதில் இருக்கிற அவர்கள் எழுத்தை எடுத்துவிட்டு நம் எழுத்தைப் போட வேண்டும். முகப்பில் ஆடுகிற ஒரு மணி போட்டேன். வானத்து மேகம் பின்னணி. 'அசனப் பண்டிகைக்கு அனைவரும் வருக' என்று ஒரு வரியை இடமும் வலமுமாக ஓட விட்டேன். எனக்கே கண் கூசினது. அதுதான் அழகு என்று அப்போது உலகம் முழுவதும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

பாக்கி நின்றது ஒரு பக்கம்தான். 'சபை வரலாறு'. அதை எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தவர் கமிட்டிச் செயலாளர் செல்லத்துரை மாமா. வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சபை வரலாற்றை எழுதுகிறேன் என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கும்போதெல்லாம், "ஆதாரம் திரட்டுதேன், அவசரப்படாத" என்பார். அதனால் அந்தப் பக்கத்தில் மட்டும் மாதிரியில் இருந்த எழுத்தை எடுக்காமல் அப்படியே விட்டிருந்தேன். வெறும் இடமாக இருப்பதைவிட எழுத்து இருந்தால் பார்க்க நிறைவாக இருக்கும் என்று எண்ணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் கமிட்டி என் வெப்சைட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. முந்தின நாளே அண்ணாச்சியிடம் சொல்லி வைத்தேன். "நாளைக்கு ஐயர் வாராவ அண்ணாச்சி, கொஞ்சம் இடத்தைச் சுத்தமா வையுங்க." பாளையங்கோட்டைப் பக்கம் சபைக் குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். பிறந்ததிலிருந்து அப்படியே சொல்லி வளர்ந்ததால் அதற்கு வேறு அர்த்தம் உண்டென்றே எனக்கு உறைக்கவில்லை. கல்லிடைக்குறிச்சியில் அந்தச் சொல்லுக்குத் தெருவே தனி. மறுநாள் போனால், கடையில் சாம்பிராணி மணம். மேசைமேல் எப்போதும் இருக்கிற முட்டை பப்ஸ் கண்ணாடிப் பெட்டியைக் காணோம். மாடிப்படியில் வெள்ளை அங்கியோடு எங்கள் ஐயர் ஏறி வருவதைப் பார்த்ததும் அண்ணாச்சிக்குக் கும்பிடத் தூக்கின கை பாதியில் நின்றது. ஐயர் மூச்சு வாங்கியபடி உட்கார்ந்து, "இங்கன முட்டை பப்ஸ் நல்லாருக்கும்னு சொன்னாவளே" என்றார். அண்ணாச்சி ஒளித்து வைத்த பெட்டியை வெளியே எடுத்தார்.

மாதக் கடைசி நெருங்கியிருந்தது. இவர்கள் தலையாட்டினால் சென்னை. இல்லையென்றால், அப்பா சும்மா இருந்தாலே போதும், எல்லாம் தானாக முடிந்துவிடும். அந்தச் சின்னத் தடுப்புக்குள் ஐயர், செல்லத்துரை மாமா, அப்பா, இன்னும் சில பெரியவர்கள் வேட்டியும் பவுடர் மணமுமாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

முகப்பு வந்தது. மணி ஆடியது. எழுத்து ஓடியது.

"எழுத்து ஓடுதே, நிக்கச் சொல்லு" என்றார் செல்லத்துரை மாமா.

"நிக்காது மாமா."

"வயசானவங்க எப்படி வாசிப்பாவ?"

"விட்டாலும் அடுத்த சுத்துல வரும் மாமா."

"டவுண் பஸ்ஸா இது?"

இருந்தாலும் அவருக்குப் பிடித்திருந்தது என்று தெரிந்தது. கொஞ்சம் குனிந்து பார்த்தார். குனிந்தவர் கண்ணில் 'சபை வரலாறு' பட்டது. "அதைத் தட்டு" என்றார். நான் தட்டித் தொலைத்தேன்.

மாமா வேதபாடம் வாசிக்கிறவர். எதைக் கொடுத்தாலும் அதே குரலில்தான் வாசிப்பார். "லோரெம் இப்சும்" என்று கணீரென்று எடுத்தார். இரண்டு வரி போனதும் நிறுத்தினார்.

"இது என்ன பாஷை?"

ஐயர் பப்ஸைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்து பார்த்தார். செமினரியில் கிரேக்கமும் எபிரேயமும் தொட்டவர். "லத்தீன் மாதிரில்லா இருக்கு" என்றார்.

"லத்தீனா?" என்றார் மாமா. "ஆர்.சி. பாஷைல்லா அது?"

தாமிரபரணியில் தண்ணீர் திறந்துவிட்டால் பைய நிறம் மாறுமே, அந்த மாதிரி அங்கே நின்றவர்கள் முகம் மாறியது. நாங்கள் புராட்டஸ்டண்டுகள். கத்தோலிக்கர்களோடு பெண் கொடுத்து எடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சிநேகம். ஆனால் எங்கள் சபை வரலாற்றை அவர்கள் பாஷையில், அதுவும் உலகம் பார்க்கிற இடத்தில் எழுதி வைப்பது என்பது வேறு.

"மாமா, அது சும்மா இடம் பிடிக்கதுக்குப் போட்டது" என்றேன். "பஸ்ல துண்டு போட்டு வைப்பாவல்லா, அது மாதிரி. நம்ம எழுத்து வந்ததும் எடுத்துரலாம்."

"துண்டு போட்டது யாரு?" என்றார் மாமா. "அதச் சொல்லு மொதல்ல."

எனக்கு உதவுவதாக நினைத்து அண்ணாச்சி முக்காலிமேல் ஏறித் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார். "பிள்ளய ஒண்ணும் சொல்லாதீய. இதே எழுத்து நெறைய கம்பெனிப் பக்கத்துல வருது. நானே பாத்திருக்கேன்."

"பாத்தீரா வே" என்று மாமா அப்பா பக்கம் திரும்பினார். "உலகம் பூரா பரப்பிட்டானுவ."

அப்பா மனசு வேறு கணக்கில் போய்க்கொண்டிருந்தது. என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "பைய சொல்லுட்டி. யாரு அந்தப் பையன்?" என்றார்.

"எந்தப் பையன்?"

"லத்தீன் பையன்."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியாமல் இருமினேன். அப்பா அதைக் குற்றம் தெரிந்த இருமல் என்று எடுத்துக்கொண்டார்.

ஐயர் இதற்குள் விரலை வரிசையில் வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தடவிக்கொண்டிருந்தார். "ஒரு சொல்லுதான் பிடிபடுது" என்றார். "தோலோர். அப்படின்னா வேதனை." கொஞ்சம் யோசித்தார். "நம்ம சபை வரலாறுதான, சரியாத்தான் எழுதிருக்கு."

பெரியவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மற்றவர்களுக்கும் தொற்றியது. மாமாவுக்கு மட்டும் காது சிவந்தது. ஐயர் விடாமல், "அது கெடக்கட்டும். தமிழ் வரலாறு எங்க வே? கையில வச்சிருந்தீர்னா இந்தப் பிள்ள எதுக்கு லத்தீனுக்குப் போகுது?" என்றார்.

மாமா தொண்டையைக் கனைத்தார். "அடுத்த கூட்டத்துல வச்சுப் பேசுவோம்."

எங்கள் கமிட்டியில் அடுத்த கூட்டத்துக்குப் போன விஷயம் எதுவும் திரும்பி வந்ததில்லை. முருங்கைக்காய் அங்கேதான் இருந்தது. அப்பா நிம்மதியாக மூச்சு விட்டது என் பிடரியில் பட்டது. எல்லாரும் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ, "மாமா, ஆதாரம் எல்லாம் ஒங்க மனசுலதான இருக்கு" என்றேன். "நீங்க சொல்லுங்க. நான் இப்பமே அடிக்கேன்."

மாமா ஒரு காலில் செருப்போடு நின்றார். "இப்பமேவா?"

"நீங்க சொல்லச் சொல்ல ஏறிரும்."

"உலகம் பூரா தெரியுமோ?"

"தெரியும் மாமா."

"அமெரிக்காவுல?"

"தெரியும்."

"நாசரேத்துல?"

நாசரேத்து எங்கள் பக்கத்து ஊர்தான், அங்கே அவருடைய மச்சான் இருந்தார். எங்கள் கோயிலுக்கு அடிக்கல் கொடுத்தது தன் தாத்தாதான் என்று போகிற கல்யாண வீடெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். மாமாவோ அது தன் தாத்தா என்பார். இரண்டு குடும்பமும் பேச்சு வார்த்தை நின்று வெகு காலம். "நாசரேத்துலதான் மாமா மொதல்ல தெரியும்" என்றேன்.

செருப்பைக் கழற்றினார். உட்கார்ந்தார். கண்ணை மூடினார். "எழுது" என்றார்.

மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். அப்பா மட்டும் போகவில்லை, லத்தீன் பையன் எந்தப் பக்கத்திலாவது வருகிறானா என்று வாசலைப் பார்த்தபடி இருந்தார். மாமா நிறுத்தற்குறிகளோடு சொன்னார். "எங்கள் தாத்தா கமா அந்தக் கல்லை கமா தம் சொந்த வண்டியிலே ஏற்றி." சபை வரலாற்றில் சபை வந்து சேரவே வெகு நேரமானது. தாத்தா, தாத்தாவின் மாடுகள், மாடுகள் ஆற்றைக் கடக்க மறுத்தது, தாத்தா அவற்றிடம் பேசியது. வருஷக்கணக்காக அவரிடம் அடைத்துக் கிடந்தது எல்லாம் வந்தது. சாயங்காலம் சங்கரன் அண்ணாச்சி விளக்குப் போட்டபோது லத்தீன் மொத்தமும் போய், அந்த இடத்தில் மாமாவின் தாத்தா நின்றார். மாமா திரையில் தன் பெயரைத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் அவரே எழுந்து, நமது சபை உலகத்தின் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது, கமிட்டி ஏகமனதாக ஏற்றுக்கொள்கிறது என்று வாசித்தார். கூட்டமே நடக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இதில் ஒரு சிக்கலை நான் அவரிடம் சொல்லவில்லை. அப்போது தமிழ் எழுத்துத் தெரிய வேண்டுமானால், பார்க்கிறவர் கம்ப்யூட்டரிலும் அதே எழுத்துரு இருக்க வேண்டும். இல்லையென்றால் கோழி கிண்டின மாதிரி ஏதோ தெரியும். சென்னைக் கம்பெனியில் அது இல்லை. பார்த்துவிட்டுக் கூப்பிட்டவர், "ஒரு எழுத்தும் புரியலை. ஆனா நிறைய வேலை செஞ்சிருக்கீங்கன்னு தெரியுது. ஒண்ணாந்தேதி வந்துடுங்க" என்றார். நாசரேத்திலும் அதே கதைதான். மச்சான் பார்த்துவிட்டு ஒன்றும் விளங்கவில்லை என்று சொன்னதாக மாமாவுக்குத் தகவல் வந்தது. "அவங்களுக்கு வாசிக்கத் தெரியலேன்னா நான் என்ன செய்ய" என்றார் மாமா. வாழ்க்கையில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அப்பா வாக்குக் கொடுத்தவர். பரணில் இருந்த பெட்டியை அவரே இறக்கித் துடைத்தார். "கமிட்டி இப்படிக் கால வாரும்னு யாரு கண்டா" என்று அம்மாவிடம் முணுமுணுத்தது கேட்டது. ஜங்ஷனில் ரயில் கிளம்புகிற வரைக்கும் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் கம்பியைத் துடைத்தார். தண்ணீர் பாட்டிலை வாங்கி மூடியை இறுக்கிக் கொடுத்தார். வண்டி அசைந்தபோது கூடவே நடந்துகொண்டு, "ஏட்டி, அந்தக் கடைசிப் பக்கத்துல யாரு வேணும்னாலும் எழுதலாமோ?" என்று கேட்டார்.

வலைத்தளத்தின் கடைசியில், வந்து பார்த்தவர்கள் தங்கள் கருத்தை எழுதிப் போக ஒரு பக்கம் வைத்திருந்தேன். மஸ்கட்டில் இருந்த ஒரு அண்ணன், அசனக் குழம்பு இங்கே மணக்கிறது என்று அதில் எழுதியிருந்தார். அப்பா அதை மனசில் வைத்திருந்திருக்கிறார். நான் சென்னையில் இறங்கி இரண்டு நாள் ஆகவில்லை, அந்தப் பக்கத்தில் ஒரு பதிவு வந்தது. அதில் தமிழ் எழுத்து ஏறாது. ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுத வேண்டும். அப்பாவுக்கு ஒரு ழகரத்துக்கு இரண்டு எழுத்துச் செலவு செய்வதில் உடன்பாடு இல்லை. ஒரு லகரம் போட்டு முடித்துவிடுவார்.

'மகளே. நேற்று மலை வந்தது. அம்மா நலம். கத்தரிக்காய் மலிவு. சாப்பாடு எப்படி. பதில் போடு. வேறு விசேஷம் இல்லை.' கீழே தன் பெயர், பட்டம், கதவு எண், பின்கோடு.

மஸ்கட் அண்ணன் கீழே கேட்டிருந்தார். 'சித்தப்பா, எந்த மலை வந்தது?'

எனக்கு மானம் போயிற்று. போன் செய்து, அப்பா, மின்னஞ்சல் என்று ஒன்று இருக்கிறது, எனக்கு மட்டும் வரும், அண்ணாச்சியிடம் சொன்னால் ஏற்பாடு செய்து தருவார் என்றேன்.

"அது ஒனக்கு மட்டுந்தான வரும்" என்றார் அப்பா. "நீ பாத்துட்டு சும்மா இருந்துக்கிடுவ. இது ஊரே பாக்குதுல்லா. நீ பதில் போட்டுத்தான ஆகணும்."

அவர் சொன்னது சரி. நான் பதில் போட ஒரு நாள் தாமதித்தால் மும்பையில் இருந்து ஒரு அத்தை, 'பிள்ளைக்கு உடம்புக்கு முடியலையோ' என்று கேட்டுவிடுவாள். எனக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிற செய்தியும் அங்கேதான் வந்தது. 'மகளே. பையன் பள்ளிக்கூட ஆசிரியர். சொந்த ஊர் நாசரேத்து. வேலை பாளையங்கோட்டை. உன் விருப்பம் என்ன.' நான் அலுவலகத்தில் முகம் சிவந்து உட்கார்ந்திருக்க, மஸ்கட் அண்ணன், 'விசாரித்தேன் சித்தப்பா, நல்ல பையன், முடித்துவிடலாம்' என்று எழுதிவிட்டார். நல்ல பையன்தான். அதனால் இதுவரை அண்ணனிடம் நான் சண்டைக்குப் போகவில்லை.

கல்யாணமாகி நான் பாளையங்கோட்டைக்கே திரும்பி வந்தேன். அப்பா வீட்டுக்கு அடுத்த தெருவில் குடி. சபைக்குப் புதிதாக வேறொரு வலைத்தளம் வந்தது, காசு கொடுத்துச் செய்தது, மணி ஆடாது. பழையதைப் பார்க்க ஆள் இல்லை. அப்பா மட்டும் வாரம் தவறாமல் மாடியேறிப் போய் எழுதினார். காலையில் எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் நடந்து போவார். உள்ளே வர மாட்டார். மத்தியானம் அந்தப் பக்கத்தைத் திறந்தால் இருக்கும். 'மகளே. ஆற்றில் வெள்ளம். பாலத்தில் நின்று பார்த்தேன். பேத்தி நிறம் கொஞ்சம் கறுத்திருக்கிறாள், வெயிலில் விடாதே. வேறு விசேஷம் இல்லை.'

ஒரு நாள் அந்தப் பக்கம் திறக்கவில்லை. இலவசமாக இடம் கொடுத்த கம்பெனி எல்லாவற்றையும் மூடிக்கொண்டு போய்விட்டது. அப்பா அண்ணாச்சியிடம் சண்டை போட்டிருக்கிறார், திறந்து விடும் வே என்று. பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நான் எழுதினதெல்லாம் எங்கட்டி போச்சு?"

"இல்லாம ஆயிட்டுப்பா. திரும்ப எடுக்க முடியாது."

"சொல்லாம கொள்ளாமயா மூடுவான்?" என்றார். எழுந்து செருப்பை மாட்டினார். "சரி. இனி நேர்லயே வந்து சொல்லிக்கிடுதேன்."

வந்தார். வாரம் தவறாமல் வந்தார். நாற்காலியில் உட்காருவார். காப்பியைக் குடிப்பார். பேத்தியின் சிலேட்டை வாங்கிப் பார்த்து எழுத்துப்பிழை திருத்துவார். "என்னட்டி" என்பார். "ஒண்ணுமில்லப்பா" என்பேன். நேரில் வந்து உட்கார்ந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. கிளம்பிவிடுவார்.

சங்கரன் அண்ணாச்சி கடையை மூடிவிட்டுக் கல்லிடைக்குறிச்சிக்கே போய்விட்டார். அந்த மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அப்பாவும் போய் வருஷங்கள் ஆகின்றன. வீட்டில், தெருவில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், கடைசிவரை எனக்கு அவர் வாயில் ஏட்டிதான். மகளே என்று அவர் என்னைக் கூப்பிட்டது அந்தப் பக்கத்தில் மட்டும்தான்.